தூங்கப் பழகிய பந்தல்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடி தூங்குவதில்லை. தூங்குவதற்கு அதற்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. கிளை கழித்துக் கவாத்து வெட்டிய நாலாம் மாதம் குலை பறித்து, பறித்த கையின் ஈரம் காயுமுன்னே அடுத்த கவாத்துக்கு நாள் குறித்து, வருசத்துக்கு மூன்று வெள்ளாமை எடுக்கிற ஊர்களில் ஒன்றுதான் வெள்ளைப்பாறைப்பட்டி. அங்கே பனி உறைகிற காலமும் கிடையாது, இலை உதிர்கிற காலமும் கிடையாது, எப்போது தளிர்க்க வேண்டும் என்று கொடிக்குச் சொல்வது வானம் அல்ல, கவாத்துக்காரன் கையில் இருக்கிற கத்திரி. வெட்டினால் கொடி அழும், அழுது முடித்தால் துளிர்க்கும், அவ்வளவுதான் அந்த ஊரின் பஞ்சாங்கம்.

அந்த ஊரிலேயே கைசுத்தமான கவாத்துக்காரர் ராயப்பன். வயது ஐம்பத்திரண்டு. எந்தக் கணுவில் வெட்டினால் எத்தனை குலை தொங்கும் என்று கொடியைத் தொடாமலே சொல்வார். ஒரு பன்னீர் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, "இது கெழக்குக் கிணத்துத் தண்ணி" என்றால், அது கிழக்குக் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நாக்கு வாய்த்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. பறித்த மூன்றாம் நாள் மதுரைக்கோ கேரளாவுக்கோ லாரி ஏறிவிடுகிற பழத்தைத் தவிர வேறு திராட்சை எதையும் அவர் அறிந்ததில்லை. பழம் காத்திருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. மாதா கோயில் பூசையில் பங்குச் சாமியார் ஒயின் கிண்ணத்தை உயர்த்திக் குடிப்பதைத் தூரத்தில் இருந்து பார்த்து எச்சில் விழுங்கியதோடு சரி, பிறகு அதற்காகப் பாவசங்கீர்த்தனமும் செய்துவிடுவார்.

அவர் மனைவி தெக்கலம்மாளுக்கோ அந்தக் கொடிகளைப் போலவே தூக்கம் இல்லை. ஆறு வருசத்துக்கு முன் ஒரே மகள் ரோஸ்லின் பதினோரு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றைக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்த தெக்கலம்மாள் அழவும் இல்லை, அதற்குப் பிறகு தூங்கவும் இல்லை. எப்போதாவது சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் கண் அசருவாள், உடனே யாரோ கூப்பிட்டதுபோல எழுந்துவிடுவாள். சாயந்தரம் நாலு மணி ஆனால் மட்டும், என்ன வேலையில் இருந்தாலும், பந்தலுக்குக் கீழே வருகிற ஒற்றையடிப் பாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடம் விட்டுக் குனிந்து குனிந்து, குலைகளில் தலை முட்டாமல், பை ஆட ரோஸ்லின் ஓடி வருகிற பாதை அது. ராயப்பன் அதைப் பார்த்தும் பாராததுபோல வேறு பக்கம் போய்விடுவார். அந்த வீட்டில் நாலு மணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த வருசத் தவக்காலத்தின் முதல் வாரத்தில் தெக்கலம்மாளின் தங்கை சிஸ்டர் செலஸ்தீன் இத்தாலியில் இருந்து பதினைந்து நாள் லீவில் வந்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற மடத்து வேலை அவளுக்கு. வந்தவள் எல்லோருக்கும் ஜெபமாலையும் சாக்லேட்டும் கொடுத்துவிட்டு, பெட்டியின் அடியில் இருந்து மூன்று கம்பளிச் சட்டைகளால் சுற்றிய ஒரு ஒயின் பாட்டிலை எடுத்து ராயப்பனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் மாமா. தொம்மாசோன்னு ஒரு பெரியவரு, எங்க இல்லத்துல இருந்தவரு, போன மாசம் எறந்துட்டாரு. எங்க அக்கா வீட்டுக்காரரு திராட்சை கவாத்து பண்றவருன்னு ஒருநா சொன்னேன். கட்டிலுக்கு அடியில வச்சிருந்தத எடுத்து, அவர்கிட்ட குடுத்துருன்னுட்டாரு."

"எந்த வருசத்துச் சரக்கு?"

"எம்பத்தாறு."

ராயப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தனக்குக் கல்யாணம் ஆகும் முன்னே, மகள் பிறந்து வளர்ந்து போகும் முன்னே பறித்த பழம், இன்னும் கெடாமல், கறுத்த கண்ணாடிக்குள்ளே காத்துக்கொண்டிருக்கிறது. மோந்தெலூனா என்று பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருப்பதாகச் செலஸ்தீன் படித்துக் காட்டினாள். அதில் ஒரு படம்: ஒரு மலை, அதன்மேல் நிலா, கீழே வரிவரியாகக் கொடிகள்.

"எப்படி இருக்குமாம்? அந்தப் பெரியவரு சொன்னாரா?"

"கேட்டேன் மாமா. சிரிச்சாரு. சொல்லல."

அந்தச் சிரிப்புதான் ராயப்பனைப் பிடித்துக்கொண்டது. புளிக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம், இனிக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம், ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுச் செத்துப் போனால் ஒரு மனுசன் எப்படி நிம்மதியாக இருப்பான். ஆனால் தவக்காலம். மீசையில் டீ நுரை ஒட்டினால்கூட யோசிக்கிற நாற்பது நாள். ஈஸ்டருக்குத் திறக்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை குளிர்ந்த, இருட்டான இடத்தில் படுக்கப்போட வேண்டும் என்று செலஸ்தீன் சொன்னாள். ஓட்டுவீட்டில் மாசி பங்குனி வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? ராயப்பன் தோட்டத்திலேயே மூத்த கொடியின் தூரில், எந்நேரமும் ஈரம் காயாத மண்ணில், முழங்கை ஆழம் தோண்டி, பாட்டிலை வைக்கோல் சுற்றிப் படுக்க வைத்து, மண்ணை மேலே தள்ளினார். செலஸ்தீனும் விமானம் ஏறிவிட்டாள்.

மூன்றாவது வாரம் மூத்த கொடியின் இலைகள் சிவந்தன.

முதலில் ஓரம், பிறகு நரம்பு, பிறகு முழு இலை. மறுநாள் பக்கத்துக் கொடி, அதற்கடுத்த நாள் அதற்கடுத்த கொடி. அரை ஏக்கர் பந்தலும் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவந்து, ஒரு காலையில் காற்றே இல்லாமல் எல்லா இலையும் ஒன்றாக இறங்கி, தரை தெரியாமல் மூடியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, பந்தலுக்குள் கால் வைத்தால் மார்கழிக் குளிர். மேலே கொடிகள் வெறும் கயிறாகத் தொங்கின. வேளாண்மை அலுவலகத்தில் இருந்து வந்த அதிகாரி ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சாம்பல் சத்துக் குறைவு என்று எழுதத் தொடங்கி, "சாம்" என்று எழுதியதோடு பேனாவைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்து தூங்கிவிட்டார். சாயந்தரம் எழுந்தவர், பத்து வயது குறைந்த முகத்தோடு, "செடிக்கு நோய் ஒண்ணும் இல்லீங்க. தூங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூங்குகிற கொடியை வெள்ளைப்பாறைப்பட்டி அதுவரை பார்த்ததில்லை. ஆனால் தூங்குகிற உயிரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது எந்த ஊருக்கும் தெரியும். தோட்டத்தைத் தாண்டும்போது ஆண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மினிபஸ் டிரைவர் அந்த வளைவில் ஹாரனைத் தொடாமல் கையை வெளியே நீட்டி ஆட்டினார். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் குழாய்கள் மலையைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டன. பங்குச் சாமியார் கோயில் மணியின் நாக்கில் பழைய திரைச்சீலையைச் சுற்றச் சொன்னார், மணி அடித்தால் யாரோ கதவை மரியாதையாகத் தட்டுவதுபோல மட்டும் கேட்டது. குழாயடியில் சண்டை நின்றுவிடவில்லை, சாடையில் நடந்தது, பேசிப் போட்ட சண்டையைவிட இது கூர்மையாக இருப்பதாகப் பெண்கள் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் அழுது தீர்க்கிற பச்சைப் பிள்ளைகளைப் பகலில் கொண்டுவந்து சருகின்மேல் கிடத்தினார்கள், பல்வலிக்காரர்கள் வந்தார்கள், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள், கேரளாவில் இருந்துகூட இரண்டு பேர் வந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி வரிசையில் நின்றார்கள். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டார்கள். எல்லோரும் ஒன்றிரண்டு மணி நேரம் தூங்கி, முகம் தெளிந்து எழுந்து போனார்கள்.

தெக்கலம்மாள் மட்டும் எழுந்து போகவில்லை.

சருகைக் கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு ஒரு மத்தியானம் உள்ளே போனவள், மூத்த கொடியின் தூருக்குப் பக்கத்தில் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துப் படுத்தாள். ராயப்பன் போய்ப் பார்த்தபோது வாயை லேசாகத் திறந்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, ஆறு வருசமாக இறுகியிருந்த புருவம் இரண்டும் விலகி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராயப்பன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்வை எடுத்து வந்து மூடினார். வந்தவர்களை எல்லாம் உதட்டில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு நாலு மணிக்கு முதல் தடவையாக அவள் முகம் பாதையைப் பார்த்து இருந்தது.

இரண்டு நாள் தூங்கினாள், பரவாயில்லை, எத்தனை நாள் தூக்கமோ என்றார்கள். ஐந்து நாள் தூங்கினாள், கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஈஸ்டர் வந்தது, திரைச்சீலை சுற்றிய மணி தட்டியது, உயிர்த்தெழுந்த சுரூபம் மேளமில்லாமல் தெருவைச் சுற்றிவந்தது, தெக்கலம்மாள் புரண்டுகூடப் படுக்கவில்லை. பசிக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. பதினெட்டாம் நாள் ஊர் நர்ஸ் வனஜா வந்து நாடி பிடித்தாள், பிடித்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை.

"என்னம்மா சொல்லுது?"

"நல்லாத்தாண்ணே இருக்காங்க. ஆனா, முந்தாநேத்து பாத்தப்ப நாடி நிமிசத்துக்கு முப்பது. இன்னைக்கி இருவது. ஒரு துடிப்புக்கு அடுத்த துடிப்பு நாளுக்கு நாள் தள்ளிப்போகுதுண்ணே."

அன்றைக்குத்தான் ராயப்பனுக்குப் பயம் வந்தது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோளைப் பிடித்து உலுக்கினார், அவள் அண்ணன் சிங்கராயர் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். கொடியை உலுக்கினால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. கடைசியில் செலஸ்தீனுக்குப் போன் போட்டு, அந்தக் குளிர் தேசத்தில் கொடிகள் எப்போது எழுந்திருக்கும் என்று கேட்கச் சொன்னார்கள். செலஸ்தீன் பஸ் ஏறி அந்த மலைக்கே போய் விசாரித்துவிட்டு மறுநாள் பேசினாள்.

"மாமா, இங்க கொடிங்க பனியில தூங்கும், மார்ச்சுல எந்திரிச்சிரும். ஆனா அந்த மோந்தெலூனா ஒயினு இப்ப கெடையாது. எம்பத்தாறு அறுவடைதான் கடைசி. அடுத்த ஜனவரியில தோட்டத்துக்காரரோட வாரிசுங்க கொடியெல்லாத்தையும் வேரோட புடுங்கிட்டாங்க. கொடிங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போதே புடுங்கிட்டாங்க மாமா. தொம்மாசோதான் அங்க கவாத்துக்காரராம். கத்திரியத் தீட்டி வச்சிட்டுப் பனி முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாராம்."

ராயப்பன் போனை வைத்துவிட்டுப் பந்தலுக்குள் போய் மண்ணைத் தோண்டினார். பாட்டில் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. அப்படியானால் இதற்குள்ளே இருப்பது முடிவில்லாத தூக்கம். அந்த மலைக்கு ஒரு ஜனவரி வந்தது, அதற்குப் பிறகு மார்ச் வரவே இல்லை. அந்தத் தூக்கத்தைத்தான் அவர் கையாலேயே மண்ணில் ஊன்றியிருக்கிறார், அதில்தான் அவர் மனைவி படுத்திருக்கிறாள்.

"தெறந்து ஊத்திரு மாப்ள. ஒடைச்சுப் போடு" என்றார் சிங்கராயர்.

ராயப்பன் மூடியில் கத்தியை வைத்தார். வைத்த அந்தக் கணத்திலேயே அவர் நாக்கு ஊறியது. வெட்கங்கெட்ட நாக்கு, பெண்டாட்டி நாடி இறங்கிக்கொண்டிருக்கும்போதுகூட எப்படி இருக்கும் என்று கேட்கிறது. தான் திறக்கப்போவது அவளுக்காகவா தன் நாக்குக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவரின் இடுப்பில் கவாத்துக் கத்திரி குத்தியது. அதை எடுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருசமாகக் கைப்பிடி தேய்ந்த கத்திரி.

"மச்சான், நம்மூர்ல என்னைக்காச்சும் மார்ச்சுக்குக் காத்திருந்து கொடி துளிர்த்திருக்கா?"

சிங்கராயருக்கு விளங்கவில்லை.

"நம்ம வெட்டுனாத்தான துளிர்க்கும்? அந்த மனுசன் காலத்துக்காகக் காத்திருந்தாரு, காலம் வர்றதுக்குள்ள புடுங்கிட்டாங்க. நமக்கு ஏது காலம்? கத்திரிதான."

"மாப்ள, தூங்குற கொடிய இதுவரைக்கும் யாரும் வெட்டுனதில்ல. பட்டுப்போச்சுன்னா?" என்ற சிங்கராயர், தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பட்டுப்போவது கொடி மட்டுமாக இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

செய்தி பரவி, ஊர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நின்றது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளைப்பாறைப்பட்டியில் எந்தத் தோட்டமானாலும் முதல் வெட்டு அந்த வீட்டுப் பெண்ணின் கைபட்டுத்தான் விழ வேண்டும், அவள் ஒரு கணு வெட்டிக் கொடுத்த பிறகுதான் கவாத்துக்காரன் கத்திரியைத் தொடுவான். மகள் போன பிறகும் பதினெட்டுக் கவாத்துக்கு, தலை நிமிராமல், தெக்கலம்மாள் அதைச் செய்துகொடுத்திருக்கிறாள். இப்போது யார் வெட்டுவது? சிங்கராயரின் மனைவி வெட்டட்டும் என்றார்கள், சாமியார் மந்திரித்துக் கொடுக்கட்டும் என்றார்கள். ராயப்பன் மனைவிக்குப் பின்னால் மண்டியிட்டு, அவளைத் தன் மார்பில் சாய்த்துத் தூக்கி, மூத்த கொடியின் தாழ்ந்த கிளையருகே கொண்டுவந்தார். அவளுடைய குளிர்ந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்திரியின் கைப்பிடியில் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்து மூடினார்.

"தெக்கலா, நீதான் வெட்டணும். நீ வெட்டாம நான் எப்படி வெட்டுறது? வெட்டு ஆத்தா" என்றவர், இரண்டு கையையும் சேர்த்து அழுத்தினார்.

நறுக்கென்று கேட்டது. ஒரு மாதமாக அந்த ஊரில் கேட்ட முதல் சத்தம் அதுதான். அவளைப் பழையபடி கிடத்திவிட்டு ராயப்பன் வெட்டத் தொடங்கினார். ஒரு கணு, இரண்டு கணு, பயத்தில் கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிய, எந்த வெட்டு அவளைக் கொன்றுவிடுமோ என்று ஒவ்வொரு வெட்டிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர் வாழ்நாளில் வெட்டியதிலேயே மெதுவாக வெட்டினார். மூன்றாவது கொடிக்கு வந்தபோது பின்னால் இன்னொரு கத்திரி கேட்டது. சிங்கராயர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அடகுக்குப் போகாத கத்திரி எல்லாம் அன்றைக்கு அங்கே வந்தது. நாற்பது கத்திரிகள் ஒரே பந்தலில் நறுக் நறுக்கென்று, பேச்சில்லாமல், ஜெபமாலை சொல்வதுபோல விடாமல் வெட்டின. மூன்று மணி சுமாருக்கு வெட்டி முடித்தார்கள். பிறகு எல்லோரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூத்த கொடியில், முதல் வெட்டு விழுந்த வாயில், ஒரு துளி திரண்டது. கவாத்துக்குப் பிறகு கொடி அழுவது எல்லோருக்கும் பழகியது, கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். இது சிவப்பாக இருந்தது. அடர்ந்து, கறுத்து, வெளிச்சம் பட்ட இடத்தில் மாதுளை முத்தாக மின்னி, நீண்டு, கனம் தாங்காமல் இறங்கி, தெக்கலம்மாளின் உதட்டில் விழுந்தது. அடுத்த துளி, அடுத்த கொடி, பிறகு ஆயிரம் வெட்டுவாய்களில் ஆயிரம் துளிகள். முப்பது வருசத்துக்கும் மேலாக ஒரு பாட்டிலுக்குள் அடைந்து கிடந்த மலை, வெள்ளைப்பாறைப்பட்டியின் அரை ஏக்கரில் சொட்டுச் சொட்டாக அழத் தொடங்கியது. ஊரே அண்ணாந்து வாயைத் திறந்தது. சாமியார் திறந்தார், நர்ஸ் வனஜா திறந்தாள், மினிபஸ் டிரைவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்து திறந்தார். யாருக்கும் போதை ஏறவில்லை. எல்லோரும் பூசையில் நிற்பவர்களைப்போல நின்றார்கள்.

ராயப்பன் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நாக்கு நுனி வந்து அந்தத் துளியை எடுத்துக்கொண்டது. தெக்கலம்மாள் கண்ணைத் திறந்தாள். பந்தலைப் பார்த்தாள், சொட்டுகிற கொடிகளைப் பார்த்தாள், திரும்பி ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள். முகம் கோணியது.

"ரோஸ்லினு" என்றாள். "ஏங்க, எம்பிள்ள செத்துப்போச்சுங்க."

அப்புறம் அவள் அழுதாள். ஆறு வருசத்து அழுகை. மண்ணை அடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, புருசன் சட்டையைப் பிடித்துக் கிழித்து, மகள் பேர் சொல்லிச் சொல்லி அழுதாள். ராயப்பன் அவளை இறுகப் பிடித்துக்கொண்டு தானும் வாய்விட்டு அழுதார். மேலே கொடிகளும் சொட்டுவதை விடவில்லை. கோயிலில் யாரோ போய் மணியின் திரைச்சீலையை அவிழ்த்து அடித்துவிட்டார்கள்.

சொட்டு நின்ற பிறகுதான் ராயப்பனுக்கு நினைவு வந்தது. பாட்டிலை எடுத்துப் பார்த்தார். மூடியும் மெழுகு முத்திரையும் வைத்தது வைத்தபடி இருக்க, உள்ளே ஒன்றும் இல்லை. ஊரே குடித்துவிட்டது, நாக்கை வளர்த்து வைத்திருந்த ஒரே ஆள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையாகப் பிடித்துக் கேட்டார். சாமியார் ஈரமான கல் என்றார், வனஜா நாவல்பழம் என்றாள், சிங்கராயர் பழைய தோல் வார் மாதிரி என்று சொல்லிவிட்டு, இல்லை இல்லை, பூ என்றார். மினிபஸ் டிரைவர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சொல்லவில்லை.

எட்டாம் நாள் பந்தல் முழுக்கப் பச்சை முளைத்தது. அன்றைக்குச் சாயந்தரம், முந்தின ராத்திரி தூங்கி எழுந்த முகத்தோடு, தெக்கலம்மாள் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். ராயப்பன் கடைசியாக அவளிடமும் கேட்டுவிட்டார்.

"ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலு மணி மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

ராயப்பன் தலையை ஆட்டினார். தெக்கலம்மாள் பாதையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள், அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. யாருடைய பிள்ளைகளோ கத்திக்கொண்டு, குனிந்து குனிந்து, பை ஆட, துளிர்த்த பந்தலுக்குக் கீழே ஓடி வந்தார்கள்.